எகிப்திய மாணவர் ஒன்றியங்களும் லாயிஹாவின் அரசியலும்

எகிப்து என்றதும் இலங்கை முஸ்லிம்களாகிய நமக்கு இரண்டு விடயங்கள் உடனே ஞாபகத்துக்கு வரும். ஒன்று அல்-அஸ்ஹர். மற்றது, 1883 இல் நாடுகடத்தப்பட்டு கொழும்பில் வந்திறங்கி, இங்குள்ள முஸ்லிம்களின் கல்வி எழுச்சிக்குத் தோள்கொடுத்த ஒராபி பாஷா. இவை இரண்டையும் பற்றி மேடைகளிலும் மலர்களிலும் நிறையவே கேட்டும் வாசித்தும் இருக்கிறோம். அந்த நாட்டின் பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு பிரதிநிதித்துவ சபையை வைத்துக்கொள்ளப் பட்ட பாடு பற்றி நாம் அதிகம் கதைப்பதில்லை. நமது பிள்ளைகள் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகம் போகின்ற காலம் இது. அங்கே போனதும் ஏதோ ஒரு ஒன்றியத்தின் பெயரால் யாரோ ஒருவர் அவர்களுக்காகத் தீர்மானம் எடுத்து விடுகிறார். ஆகவே இந்த வரலாறு நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

கதையின் மையத்தில் இருப்பது லாயிஹா என்ற அரபுச் சொல். ஒழுங்குவிதிகளின் தொகுப்பு என்பது பொருள். நமது சங்கங்களின் வழக்கில் சொன்னால் யாப்பு. தமிழ் படித்தவர்களுக்கு யாப்பு என்றதும் அசை, சீர், தளை என்றுதான் மனம் போகும். தளை என்பதற்கு விலங்கு என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? எகிப்திய மாணவர் ஒன்றியங்களின் யாப்பைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது பொருளே பெரும்பாலும் பொருந்துகிறது. தேர்தல் நடந்ததா, இல்லையா என்பதை மட்டும் வைத்து இந்த வரலாற்றைப் பார்த்தால் ஏமாந்து போவோம். தேர்தல்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. யார் வேட்பாளராக நிற்கலாம், கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது யார், காசுக்கான கடைசிக் கையொப்பம் யாருடையது என்ற சின்ன வாசகங்களில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

முடியாட்சிக் காலத்தை விரைவாகக் கடந்து விடலாம். அப்போது மாணவர் அரசியல் என்பது தெரு அரசியலாகவே இருந்தது. 1946 பெப்ரவரி 9 அன்று கெய்ரோவில் அப்பாஸ் பாலத்தின் மீது ஊர்வலம் போன மாணவர்கள் நடுவில் நிற்கும்போதே பாலம் திறக்கப்பட்டது. அதே மாதம் 21ஆம் திகதி தொழிலாளர், மாணவர் தேசியக் குழுவின் அழைப்பில் பொது வேலைநிறுத்தம் நடந்து, இரத்தமும் சிந்தப்பட்டது. இந்தக் குழுவோடு ஒத்துப்போகாத இஹ்வானுல் முஸ்லிமூன் மாணவர்கள் தனியாக இன்னொரு குழுவை அமைத்துக் கொண்டார்கள். மாணவர்களின் பெயரால் பேச உரிமையுள்ளவர் யார் என்ற கேள்வி அன்றைக்கே முளைத்து விட்டது.

1952 புரட்சிக்குப் பிறகு வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு தலையிடியாகவே தெரிந்தது. 1954 ஜனவரியில் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் இஹ்வான் மாணவர்களுக்கும் அரசின் விடுதலைப் பேரணி இயக்கத்தினருக்கும் கைகலப்பு ஏற்பட்டது. இரண்டொரு நாளில் இஹ்வான் இயக்கம் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் விரிவுரையாளர்கள் பலர் வேலையிழந்தார்கள். பின்னர் நாஸரின் ஆட்சி மாணவர் ஒன்றியங்களை அனுமதித்தது உண்மைதான். ஆனால் அவற்றோடு 'ராஇத்' என்ற ஒரு பதவியும் வந்தது. வழிகாட்டி என்று மொழிபெயர்க்கலாம். ஒன்றியத்தின் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விரிவுரையாளர் ராஇத் ஆக இருப்பார். அவர் சம்மதிக்காமல் எதுவும் நகராது. வழிகாட்டுவது நல்ல விடயம்தானே என்று ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்குத் தோன்றும். ஆனால் வழிகாட்டுகின்றவருக்கும் பூட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. நமது பல்கலைக்கழகங்களில் பீடச் சபைக்கு மாணவர் பிரதிநிதிகள் இருவர் போய் உட்காருவார்கள். அங்கே நிலைமை தலைகீழ். ஆசிரியர்கள் மாணவர் சபைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

1967 தோல்வி இந்த ஏற்பாட்டை உலுக்கியது. தோல்விக்குப் பொறுப்பான விமானப்படை அதிகாரிகளுக்கு இலேசான தண்டனை கிடைத்ததை எதிர்த்து 1968 பெப்ரவரியில் ஹெல்வான் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். மாணவர்களும் சேர்ந்து கொண்டார்கள். கெய்ரோவில் ஊர்வலம் தேசிய சபை வரை போனது. மாணவர் தூதுக்குழு ஒன்று உள்ளே சென்று சபைத் தலைவரைச் சந்தித்தது. அந்தச் சபைத் தலைவர் வேறு யாருமல்ல, அன்வர் ஸாதாத். சுதந்திரமான ஒன்றியங்கள் வேண்டும் என்பது அந்த நாட்களில் எழுந்த கோரிக்கைகளில் ஒன்று. நாஸர் இறங்கி வந்தார். மார்ச் 30 வேலைத்திட்டம் வெளியானது. அந்த ஆண்டிலேயே ஒன்றியங்களுக்கான விதிகளும் தளர்த்தப்பட்டு, ராஇத்மாரின் பிடி அகற்றப்பட்டது. அதற்கிடையில் நவம்பரில் புதிய கல்விச் சட்டம் ஒன்றுக்கு எதிராக மன்ஸூராவில் தொடங்கிய எதிர்ப்பு அலெக்சாந்திரியாவில் பெரும் கலவரமாக வெடித்தது. அரசு மறுபடி கையை இறுக்கியது. கொடுத்ததும் எடுத்ததும் ஓராண்டுக்குள்ளேயே நடந்து முடிந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒன்றியம் தங்களுடையதல்ல என்று மாணவர்கள் நினைத்தபோது அவர்கள் சும்மா இருக்கவில்லை. வேறு இடத்தில் கூடினார்கள். 1971ஐத் தீர்மானத்துக்குரிய ஆண்டு என்று சொல்லிவந்த ஸாதாத், அந்த ஆண்டு முடிந்த பிறகு 1972 ஜனவரி 13 அன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்து, மூடுபனி காரணமாகப் போர் தொடங்க முடியவில்லை என்ற பாங்கில் விளக்கம் சொன்னார். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே சுவர்ப் பத்திரிகைகள் நிறைந்து கிடந்தன. பொறியியற் பீடத்தில் பலஸ்தீனப் புரட்சி ஆதரவாளர் சங்கம் சுறுசுறுப்பாக இருந்தது. ஒன்றியத்தைப் பார்த்துக்கொண்டிராமல் மாணவர்கள் பெரிய மண்டபத்தில் கூடி, மாணவர் தேசிய உயர்குழு என்ற ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைவர் அஹ்மத் அப்துல்லா, கெய்ரோவின் தென்புறத்து ஏழைக் குடியிருப்பொன்றிலிருந்து வந்தவர். ஜனவரி 24 விடியற்காலை படையினர் வந்து மண்டபத்தில் இருந்தவர்களைக் கைதுசெய்தார்கள். அன்றிரவே மற்ற மாணவர்கள் தஹ்ரீர் சதுக்கத்தின் நடுவிலிருந்த கற்பீடத்தைச் சுற்றி உட்கார்ந்து விட்டார்கள். கவிஞர் அமல் துன்குல் எழுதிய 'கல் கேக்கு' பற்றிய புகழ்பெற்ற கவிதை அந்தக் கற்பீடத்தைப் பற்றியதுதான். மறுநாள் விடியும்போது, அதாவது ஜனவரி 25 அன்று, அவர்கள் கலைக்கப்பட்டார்கள். 39 ஆண்டுகள் கழித்து அதே திகதியில் அதே சதுக்கத்தில் என்ன நடந்தது என்பது உலகமறிந்தது.

அஹ்மத் அப்துல்லா பின்னர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, எகிப்திய மாணவர் இயக்கத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1985 இல் வெளிவந்த அந்த நூல் இன்றும் இந்தத் துறையில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது. இயக்கத்தை நடத்தியவரே வரலாற்றாசிரியராகவும் ஆனது அபூர்வம்.

மாணவர்களுக்கு எழுத்தில் மிக அதிகமாகக் கொடுத்தது 1976ஆம் ஆண்டின் லாயிஹா. வகுப்பறை தொடங்கி நாடளாவிய பொது ஒன்றியம் வரை மாணவர்களே நடத்தலாம், அரசியல் குழுவும் வைத்துக் கொள்ளலாம் என்று வந்தது. இடதுசாரிகளையும் நாஸரியர்களையும் மட்டந்தட்டுவதற்காக இஸ்லாமிய மாணவர்களுக்கு இடம் விடுவது அக்காலத்தில் ஸாதாத் தரப்பின் கணக்காக இருந்தது. கணக்குப் போட்டவர் எதிர்பார்க்காத விடை வந்தது.

அல்-ஜமாஆ அல்-இஸ்லாமிய்யா என்ற பெயரில் இயங்கிய மாணவர்கள் ஒன்றியத் தேர்தல்களில் அடுத்தடுத்து வென்றார்கள். எப்படி வென்றார்கள் என்பதைத்தான் நம்மவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அன்றைய எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆசனத்தில் இரண்டு மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். விரிவுரைக் குறிப்பு வாங்கக் காசு வேண்டும். பஸ்ஸில் பெண்பிள்ளைகள் படும் அவதி சொல்லி முடியாது. ஜமாஆ மாணவர்கள் ஒன்றியத்தின் நிதியைக் கொண்டு குறிப்புகளை அச்சடித்து மலிவு விலையில் கொடுத்தார்கள். மாணவிகளுக்கென்று தனியாகச் சிறு பஸ்களை ஒழுங்குசெய்தார்கள். மலிவாக ஹிஜாப் உடை கொடுத்தார்கள். விரிவுரை மண்டபத்தில் மாணவிகளுக்குத் தனி வரிசை கேட்டார்கள். கோஷத்தைவிட, பஸ்ஸும் குறிப்பும்தான் வாக்குகளைக் கொண்டுவந்தன. ஒரு மாணவனின் அன்றாடக் கஷ்டத்தைப் பிரதிநிதி அறிந்திருந்தார். பிரதிநிதித்துவம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. தெரிவானவர்கள் எல்லா மாணவர்களுக்கும் பிரதிநிதிகள் என்ற உணர்வு எல்லா இடத்திலும் இருக்கவில்லை. மேல் எகிப்தில் அஸ்யூத், மின்யா போன்ற வளாகங்களில் இசை நிகழ்ச்சிகள் பலவந்தமாக நிறுத்தப்பட்டன. ஆணும் பெண்ணும் கதைத்தால் அடி விழுந்தது. கொப்டிக் கிறிஸ்தவ மாணவர்கள் பயந்து நடக்க வேண்டியிருந்தது. தேர்தலில் வென்ற பெரும்பான்மை, தோற்றவனுக்கும் அதே ஒன்றியம் சொந்தம் என்பதை மறந்து விட்டது. இதை அரச அடக்குமுறையின் கணக்கில் எழுதிவிட முடியாது. சுதந்திரமான யாப்பு கையில் இருந்த காலத்தில் நடந்தவை இவை. இலங்கையில் சிறுபான்மையாக வாழ்கின்ற நமக்கு அந்தக் கொப்டிக் மாணவனின் இடத்தில் நின்று பார்ப்பது கஷ்டமாக இருக்காது.

1977 ஜனவரியில் பாண் விலை உயர்வுக்கு எதிரான கலவரம் நடந்து ஓய்ந்த சில நாட்களில், மாணவர் ஒன்றியத் தலைவர்களை அழைத்துத் தொலைக்காட்சியில் ஒரு சந்திப்பு நடத்தினார் ஸாதாத். கெய்ரோ பல்கலைக்கழக ஒன்றியத்தின் சார்பில் பேசிய மருத்துவ மாணவர் அப்துல் முன்இம் அபுல் ஃபுதூஹ், ஷெய்க் முஹம்மத் அல்-கஸ்ஸாலி மிம்பரிலிருந்து தடுக்கப்பட்டதை எடுத்துச் சொல்லி, ஜனாதிபதியைச் சுற்றியிருப்பவர்கள் முகஸ்துதி பாடுபவர்கள் என்றார். ஸாதாத் ஆத்திரத்தில் சத்தம் போட்டார். ஹம்தீன் ஸபாஹி என்ற நாஸரிய மாணவரும் பொருளாதாரக் கொள்கை பற்றி அதே சபையில் எதிர்வாதம் செய்தார். இருவரும் 2012 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர்களாக நின்றார்கள். ஸபாஹி மூன்றாமிடம், அபுல் ஃபுதூஹ் நான்காமிடம். ஒன்றியம் தலைவர்களை உருவாக்கும் என்று சும்மா சொல்வதில்லை.

அந்தச் சந்திப்புக்கு அடுத்து ஸாதாத் ஜெரூசலம் போனார். கேம்ப் டேவிட் வந்தது. ஒன்றியங்களின் எதிர்ப்பும் வந்தது. 1979 இல் 265ஆம் இலக்க ஜனாதிபதிக் கட்டளை வெளியானது. நாடளாவிய பொது ஒன்றியம் ஒழிக்கப்பட்டது. அரசியல் குழு நீக்கப்பட்டது. ராஇத் திரும்பி வந்தார். எஞ்சியவை விளையாட்டு, கலை, கலாசாரம், சுற்றுலா, சாரணியம் போன்ற குழுக்கள். மூன்று வருடங்களுக்குள் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஒன்றியம் என்ற பெயர்ப்பலகை மட்டும் கழற்றப்படவில்லை.

இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்கியது என்று பார்த்தால்தான் அதன் சாமர்த்தியம் விளங்கும். ஒரு சாதாரண மாணவன் தன்னுடைய ஒன்றியத் தலைவருக்கு நேரடியாக வாக்களிப்பதில்லை. தனது பீடத்தில், தனது வருடத்தில், ஒவ்வொரு குழுவுக்கும் ஆட்களைத் தெரிவுசெய்வான். தெரிவானவர்கள் கூடி குழுச் செயலாளர்களைத் தெரிவார்கள். செயலாளர்கள் கூடி பீட ஒன்றியத் தலைவரை, பீடத் தலைவர்கள் கூடி பல்கலைக்கழகத் தலைவரைத் தெரிவார்கள். ஏணியில் ஏற ஏற வாக்காளர் தொகை ஆயிரங்களிலிருந்து ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குச் சுருங்கி விடும். ஆயிரம் பேரை வெருட்ட முடியாது. பத்துப் பேரை வெருட்டலாம். வாக்களிக்க வந்தோர் போதாது என்றால் பீடாதிபதி ஆட்களை நியமிக்கலாம். போட்டியாளர் இல்லாவிட்டால் நிற்பவர் அப்படியே தெரிவு. போட்டியாளர் இல்லாமல் பண்ணுவது பெரிய வேலையா? நன்னடத்தை நிபந்தனையைக் காட்டி ஒரு இரவில் பெயர்களை வெட்டி விடலாம். முபாரக் காலத்தில் தேர்தலுக்கு முன் வேட்பாளர் பட்டியல்களில் பெயர் வெட்டுவது வருடாந்த வழக்கமாகவே போய்விட்டது. வெட்டப்பட்ட பெயர்களில் இஹ்வான் மாணவர்களுடையவை அதிகம், இடதுசாரிகளும் தப்பவில்லை. வளாகத்துக்குள் உள்நாட்டமைச்சின் பொலிஸ் இருந்தது. நிகழ்ச்சிகளுக்கான காசு மாணவர் கைக்கு வருவதில்லை. ரிஆயதுஷ் ஷபாப் எனப்படும் இளைஞர் நலன் அலுவலகத்தின் ஊடாகவே செலவாகும். இதையெல்லாம் பார்த்த மாணவர்கள் பெரும்பாலானோர் தேர்தல் நாளன்று வீட்டில் இருந்தார்கள். அவர்கள் வராதது ஏற்பாட்டுக்கு இன்னும் வசதி.

2005 இல் மாணவர்கள் மீண்டும் வெளியே கூடினார்கள். அல்-இத்திஹாத் அல்-ஹுர், அதாவது சுதந்திர ஒன்றியம் என்ற பெயரில், உத்தியோகபூர்வ ஒன்றியத்துக்குச் சமாந்தரமாகத் தாங்களே தேர்தல் வைத்தார்கள். 1972இன் உத்திதான். அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் இவ்விதம் ஒன்றியம் அமைத்த மாணவர்களுக்கு ஒழுக்காற்று நடவடிக்கை வந்தது. அதை எதிர்த்து 2006 டிசம்பரில் இஹ்வான் மாணவர்கள் சிலர் கறுப்பு உடையும் முகமூடியும் அணிந்து, வளாகத்தில் தற்காப்புக் கலைக் காட்சி ஒன்றை நடத்தினார்கள். அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் இன்றைய ஷெய்குல் அஸ்ஹர் அஹ்மத் அத்தய்யிப். பத்திரிகைகள் அதை "மிலீஷியா" என்று எழுதின. சில நாட்களுக்குள் மாணவர்களும், இஹ்வானின் துணைத் தலைமையிலிருந்த கைரத் அஷ்ஷாத்திர் உள்ளிட்ட பெரியவர்களும் கைதானார்கள். வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மாணவர் ஒன்றியத் தேர்தலில் தொடங்கிய பிணக்கு எங்கே போய் முடிந்தது பாருங்கள்! அந்த முகமூடி மடத்தனம்தான். ஆனால் மனுக் கொடுக்கவும் கூட்டம் கூட்டவும் வாசல் திறந்திருந்தால் அந்தப் பொடியன்கள் முகமூடி தேடிப் போயிருப்பார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

வளாகத்திலிருந்து பொலிஸை வெளியேற்றியதில் மாணவர்களை விட விரிவுரையாளர்களுக்கே முதற் பங்கு. மார்ச் 9 இயக்கம் என்ற பேராசிரியர் குழுவினர் வழக்குத் தொடர்ந்தார்கள். 1932இல் தாஹா ஹுஸைன் பீடாதிபதிப் பதவியிலிருந்து அகற்றப்பட்டதை எதிர்த்து, பல்கலைக்கழகத் தலைவர் அஹ்மத் லுத்ஃபி அஸ்ஸய்யித் இராஜினாமாச் செய்த நாளே அவர்களின் பெயருக்குக் காரணம். 2010 ஒக்டோபரில் உயர் நிர்வாக நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மூன்று மாதத்தில் புரட்சி வந்தது.

2011 மார்ச்சில், முபாரக் விழுந்து சில வாரங்களில், பெயர் வெட்டாத ஒன்றியத் தேர்தல் நடந்தது. நாடளாவிய ஒன்றியமும் உயிர்பெற்றது. புதிய லாயிஹா எழுதும் வேலையில் இஹ்வான் மாணவர்களின் கை ஓங்கியிருந்தது. ஏனையோர் அதைக் குறை கூறினார்கள். இவர்களும் தங்களுக்கு வசதியாக எழுதிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் முர்ஸி ஜனாதிபதியாக இருந்த 2013 வசந்தகாலத் தேர்தலில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இஹ்வான் மாணவர்கள் தோற்றார்கள். ஆளும் தரப்பு தோற்கக்கூடிய ஒரு தேர்தல்! அந்த நாட்டு மாணவர்கள் அதுவரை காணாத ஒன்று.

அந்த ஏப்ரலில் நஸ்ர் சிட்டியிலுள்ள அல்-அஸ்ஹர் விடுதியில் சாப்பிட்ட மாணவர்கள் சுமார் ஐந்நூறு பேர் நஞ்சூட்டத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மாணவர்கள் ஷெய்குல் அஸ்ஹரின் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். பல்கலைக்கழகத் தலைவர் பதவி இழந்தார். இதற்குப் பின்னால் அரசியல் இருந்தது என்றார்கள், இருந்திருக்கலாம். ஆனால் கெட்டுப்போன சாப்பாடு கெட்டுப்போனதுதான். விடுதிச் சமையலறையை மேற்பார்வை செய்யும் ஒரு குழுவில் இரண்டு மாணவர்களுக்கு இடமிருந்தால், அலுவலகத்தை முற்றுகையிடும் வரை விடயம் போக வேண்டி வந்திருக்காது.

2013 இல் நாடளாவிய ஒன்றியத்தின் தலைவராகத் தெரிவானவர் முஹம்மத் பத்ரான். ஜூலையில் ஆட்சி மாறியது. வளாகங்களில் துப்பாக்கிச் சூடும் கைதுகளும் நடந்தன. ஒன்றியத் தேர்தல்கள் நின்று போயின. பத்ரான், முஸ்தக்பல் வதன் கட்சியின் தலைவரானார். 2015 ஓகஸ்டில் புதிய சூயஸ் கால்வாய்த் திறப்பின்போது மஹ்ரூஸா கப்பலில் ஜனாதிபதி ஸீஸிக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர் அவர்தான். அவர் பின்னர் படிப்புக்கென்று அமெரிக்கா போய்விட்டார். கட்சியோ பாராளுமன்றத்தில் பெரும்பான்மைக் கட்சியாக வளர்ந்தது. 1977இல் ஜனாதிபதியின் முகத்துக்கு முன்னே நின்று பேசிய ஒன்றியத் தலைவரையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பழையவர், அபுல் ஃபுதூஹ், 2018 இல் கைதாகி, 2022 இல் 15 வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

2015 டிசம்பரில் மறுபடி ஒன்றியத் தேர்தல் வைத்தார்கள். அரசுக்கு நெருக்கமானது என்று கருதப்பட்ட அணி தோற்றது. சுயேச்சை மாணவர் ஒருவர் நாடளாவிய ஒன்றியத்தின் தலைவரானார். நடைமுறைத் தவறு ஒன்றைக் காரணம் காட்டி உயர்கல்வி அமைச்சு அந்த முடிவை இரத்துச் செய்தது. 2017 இல் வெளியான புதிய லாயிஹாவில் அந்தப் பதவியே இல்லை. பீட ஒன்றியங்கள் உண்டு, பல்கலைக்கழக ஒன்றியங்கள் உண்டு. அதற்கு மேலே, 1979இல் செய்தது போலவே, ஏணியின் கடைசிப் படி கழற்றி எடுக்கப்பட்டிருக்கிறது.